நானோ மருந்து: எல்லைப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

(புற்றுநோய் மருந்துகளைக் கலந்து தரும் மருந்தாளுநராகப் பல ஆண்டுகள் பணிசெய்தவள் என்ற முறையில், குமரி மாவட்டத்திலிருந்தும் செங்கோட்டையிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு எழுதுகிறேன்.)

களியக்காவிளை வாசகி: அக்காவுக்கு மார்பகப் புற்று. திருவனந்தபுரத்தில் லிப்போசோம் டாக்ஸோரூபிசின் தருகிறார்கள். சாதாரண கீமோவைவிட வீரியம் கூடியதா?

வீரியம் கூடியதன்று, சகோதரி. மருந்து டாக்ஸோரூபிசின் என்னும் பழைய கீமோ மருந்துதான். அதைப் பொதிந்திருக்கும் கொழுப்பு உறை (லிப்போசோம்) மட்டுமே புதிது, அந்தத் துகளின் அளவு ஏறத்தாழ 100 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). வெறும் டாக்ஸோரூபிசின் இதயத் தசையையும் தாக்கும். உறைக்குள் இருக்கும்போது அந்தப் பாதிப்பு குறைகிறது என்பதே இதன் பெரிய லாபம். அமெரிக்காவில் இதற்கு 1995இல் அனுமதி கிடைத்தது. இத்தகைய துகள் கட்டிக்குள் சேர்வதற்கும் ஒரு காரணம் சொல்வார்கள்: அவசரமாக வளரும் கட்டியின் ரத்தக்குழாய்களில் இடைவெளிகள் இருக்கும், கசிந்து நுழைந்த துகள் வெளியேற நிணநீர் வடிகாலும் சரியாக இராது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் மட்சுமுராவும் மயேடாவும் 1986இல் காட்டினார்கள். ஆயினும் எலிகளில் தெளிவாகத் தெரிந்த இந்த விளைவு மனிதர்களிடம் ஆளுக்கு ஆள், கட்டிக்குக் கட்டி மாறுகிறது. பெரும்பாலும் எலிகளில் நடந்த சோதனைகளைத் தொகுத்து 2016இல் வந்த கணக்கின்படி, செலுத்திய துகள்களில் கட்டியை அடைவது நடுமதிப்பாக 0.7 சதவீதமே, மீதியில் பெரும்பங்கைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. "நேரே புற்றுக்குள் போய்விடும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அதே வாசகி: அக்காவுக்குச் சர்க்கரையும் உண்டு. குளுக்கோஸில் கலந்து ஏற்றுகிறார்களே?

இந்த மருந்தை 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில்தான் (நீங்கள் சொல்லும் குளுக்கோஸ் நீர்) கலக்க வேண்டும். உப்பு நீரில் கலக்கக் கூடாது. 250 மில்லி பையில் இருப்பது பன்னிரண்டரை கிராம் சர்க்கரைதான். சர்க்கரை இருப்பதை நர்சிடம் சொல்லிவிடுங்கள், போதும்.

குலசேகரம் வாசகர்: என் மனைவி ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவள். இதே மருந்துக்குப் பிறகு உள்ளங்கை சிவந்து தோல் உரிகிறது. ஒவ்வாமையா?

ஒவ்வாமை அன்று. உறையிட்ட துகள் நாள்கணக்கில் ரத்தத்தில் சுற்றுவதால், அழுத்தமும் சூடும் படும் உள்ளங்கை, உள்ளங்காலின் நுண்குழாய்களிலிருந்து மருந்து தோலுக்குள் கசிகிறது. இதயத்துக்குக் குறைந்த தொல்லை கைக்கும் காலுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கத்தியை இறுகப் பிடித்துப் பட்டையைச் சீவும் வேலை இதைக் கூட்டும். மருந்து ஏற்றிய முதல் சில நாள்களாவது வெட்டுக்குப் போக வேண்டாம், வெந்நீரும் இறுக்கமான செருப்பும் வேண்டாம். "சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள்" என்று அஞ்சி மறைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உண்மையில் மருத்துவர் பெரும்பாலும் அடுத்த தவணையைத் தள்ளிவைப்பார் அல்லது அளவைக் குறைப்பார்; மறைத்தால்தான் கொப்புளம் வரை போகும்.

செங்கோட்டை வாசகர்: பாக்லிடாக்செல் எனக்கு 3 மணி நேரம் ஏறியது, பக்கத்துக் கட்டிலில் அரை மணியில் முடிந்ததே?

பாக்லிடாக்செல் என்னும் கீமோ மருந்து நீரில் கரையாது. உங்களுக்கு ஏற்றியது ஆமணக்கெண்ணெய் வழிவந்த கரைப்பானில் இருந்திருக்கும். அது ஒவ்வாமை தரும் என்பதால் முன்கூட்டியே ஸ்டீராய்டு கொடுத்து மெதுவாக ஏற்றுவார்கள். அவருடையது அல்புமின் புரதத்தில் பிணைத்த 130 நானோமீட்டர் துகளாக இருக்கலாம். அதில் அந்தக் கரைப்பான் இல்லை. கால் மரத்துப்போவது மட்டும் இரண்டிலும் உண்டு.

மார்த்தாண்டம் வாசகர்: தங்க பஸ்பமும் நானோதான் என்கிறார் வைத்தியர். கீமோவோடு சேர்த்துச் சாப்பிடலாமா?

பஸ்பத்தில் நானோ அளவுத் துகள்கள் இருக்கலாம். ஆனால் சிறியதாக இருப்பது மட்டுமே புற்றுக்கு மருந்தைக் கொண்டுசேர்க்காது. கீமோ மருந்துகள் பலவற்றைக் கழிக்க உழைப்பது கல்லீரல். கூடுதலாக எதை உண்டாலும் மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சாப்பிடத் தொடங்கியிருந்தால், அடுத்த முறை போகும்போது அந்த டப்பியையே கையோடு எடுத்துச் சென்று காட்டுங்கள்.