வாசகர் கேள்வி–பதில்: குறைந்த செலவில் பெய்ட்காஸ்டிங் ரீலும் கம்பும்

கேள்வி: சிறுவயது முதல் காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் தூண்டில் போட்டு வருகிறேன். முன்பு மூங்கில் கம்பும் தங்கூசியும் வைத்திருந்தேன். இப்போது என்னிடம் ஒரு சாதாரண ஸ்பின்னிங் ரீல் இருக்கிறது. அடுத்ததாக பெய்ட்காஸ்டிங் ரீலும் அதற்கேற்ற கம்பும் வாங்க விரும்புகிறேன். இரண்டுக்கும் சேர்த்து 30,000 ரூபாய்க்கு மேல் செலவிட இயலாது. காசல்ரீயிலும் மவுசாகலையிலும் திலாப்பியாவும் கெண்டையும் பிடிப்பேன். விடுமுறையில் மஹியங்கனையில் உள்ள மாமா வீட்டுக்குப் போனால் அங்குள்ள குளங்களில் விரால் பிடிப்பதுண்டு. நான் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
(வாசகர், நோர்வூட்)

பதில்: கடைக்குப் போவதற்கு முன்னர், நீங்கள் எறியப்போகும் பொருளின் எடை எவ்வளவு என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். பெய்ட்காஸ்டிங் ரீலைப் பொறுத்தவரை மற்ற எல்லாமே அந்த எடையைச் சார்ந்தவைதான்.

ஸ்பின்னிங் ரீலில் நூல் சுற்றியிருக்கும் உருளை எறியும்போது அசைவதில்லை. நூல் அதன் விளிம்பைத் தாண்டிச் சுருள் சுருளாகக் கழன்று போகிறது. ஆகவே 3 அல்லது 4 கிராம் எடையுள்ள சிறு ஈயக்குண்டைக்கூட அதனால் எறிய முடிகிறது. பெய்ட்காஸ்டிங் ரீலிலோ உருளையே சுழன்றால்தான் நூல் வெளியேறும், அதைச் சுழற்றும் வேலையை எறியப்பட்ட இரையின் எடைதான் செய்ய வேண்டும். குறைந்த விலை ரீல்களில் உருளை சற்றுக் கனமாகவே இருக்கும் என்பதால், 7 கிராமுக்குக் குறைந்த இரையை அவற்றால் எறிவது பெரும்பாலும் வீண் முயற்சியாகவே முடியும்; 10 முதல் 20 கிராம் வரையிலான எடையில்தான் அவை நன்றாக இயங்கும். மிக இலேசான இரைகளுக்கென்று சிறிய, எடை குறைந்த உருளையுடன் தனியாகச் செய்யப்படும் ரீல்கள் உண்டு என்றாலும், அவற்றுள் நல்லவை உங்கள் தொகைக்குள் அடங்கா.

எனவே திலாப்பியாவுக்காக நீங்கள் இந்த ரீலை வாங்க வேண்டியதில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். அதன் வாய் சிறியது. மண்புழுவோ மாவுருண்டையோ கோத்த சிறு முள்ளும் ஒரு மிதப்பும் போதும், அதற்கு உங்களிடம் இருக்கும் ஸ்பின்னிங் ரீலே பொருத்தமானது. கெண்டைக்கு 15 கிராம் ஈயக்குண்டுடன் அடித்தூண்டில் போடுவதற்குப் பெய்ட்காஸ்டிங் ரீல் உதவும். ஆனால் அது தன் முழுப் பயனையும் தருவது விராலிடம்தான். தாமரை இலைகளுக்கும் நீர்ப்பூண்டுகளுக்கும் நடுவே தவளை வடிவச் செயற்கை இரையைக் குறித்த இடத்தில் போட்டு, பாய்ந்து கவ்விய மீனை அது பூண்டுக்குள் புகுவதற்கு முன் வலிமையாக இழுத்தெடுக்க வேண்டிய அந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான கருவியை நான் அறியேன். ஆகையால் மஹியங்கனைக் குளங்களை மனத்தில் வைத்து வாங்குங்கள். காசல்ரீயில் கெண்டைக்கும் அது பயன்படட்டும்.

அந்த முடிவுக்கு வந்துவிட்டால் கம்பைத் தெரிவது எளிது. ஆறரை முதல் ஏழடி நீளம், ‘மீடியம் ஹெவி’ வலிமை, நுனிப்பகுதி மட்டும் வளையும் ‘பாஸ்ட்’ வகை ஆகியவற்றைக் கேளுங்கள். கைப்பிடிக்குச் சற்று மேலே எறியத்தக்க எடை அவுன்ஸில் அச்சிடப்பட்டிருக்கும். ஓர் அவுன்ஸ் ஏறத்தாழ 28 கிராம். கால் அவுன்ஸ் முதல் முக்கால் அவுன்ஸ் வரை, அல்லது மூன்றிலொரு பங்கு அவுன்ஸ் முதல் ஓர் அவுன்ஸ் வரை என்றிருந்தால் உங்களுக்குச் சரியாக இருக்கும். ரீல் பொருத்தும் இடத்தின் அடியில் சுட்டுவிரலை மாட்டிக்கொள்ளும் கொக்கி இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஸ்பின்னிங் கம்பைத்தான் உங்களிடம் நீட்டுகிறார்கள் என்று கொள்ளுங்கள். பெய்ட்காஸ்டிங் ரீல் கம்பின் மேற்புறத்தில் அமர்வதால் நூல் வளையங்களும் மேல்நோக்கியே இருக்கும். கடையிலேயே நூலைக் கோத்து கம்பை வளைத்துப் பாருங்கள். வளைந்த நிலையில் நூல் கம்பின் உடலில் உரசுமானால் வளையங்கள் போதாது. ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சிறிது பஞ்சை நுழைத்து இழுத்துப் பாருங்கள்; இழை எங்காவது மாட்டினால் அந்த வளையத்தில் கீறல் இருக்கிறது, அது நூலை அறுத்துவிடும். ஒரே துண்டாக உள்ள கம்புதான் சிறந்தது என்று பலர் சொல்வார்கள். ஹட்டனிலிருந்து மஹியங்கனைக்கு நெரிசலான பேருந்துகளில் மாறி மாறிப் போகும் ஒருவருக்கு இரண்டு துண்டாகக் கழற்றக்கூடிய கம்பையே நான் பரிந்துரைப்பேன். இன்றைய இணைப்புகள் நன்றாகச் செய்யப்படுகின்றன, அதனால் இழக்கும் வலிமை உங்கள் கைக்குத் தெரியாத அளவு சிறியது.

பணத்தைப் பங்கிடும்போது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை ரீலுக்கு ஒதுக்குங்கள். மலிவான கம்பு சற்றுக் கனமாக இருக்குமே தவிர மீன் பிடிக்கும். மலிவான பெய்ட்காஸ்டிங் ரீலோ உங்களை எறியவே விடாது. ரீலில் முதலில் பார்க்க வேண்டியது, எறியும்போது உருளை மிகையாகச் சுழன்று நூல் சிக்காமல் தடுக்கும் பிரேக். தொடக்கநிலையில் இருப்பவருக்குப் பக்கத் தகட்டின் வெளியிலேயே எண்ணிட்ட திருகு உள்ள காந்தப் பிரேக்தான் ஏற்றது. உருளை வேகமாகச் சுழலும்போது காந்தத்தின் தடையும் அதிகமாகும், வேண்டிய அளவைக் கரையில் நின்றபடியே கூட்டிக் குறைக்கலாம். மையவிலக்குப் பிரேக்கும் நல்லதுதான், ஆனால் பல ரீல்களில் அதைச் சரிசெய்யப் பக்கத் தகட்டைக் கழற்ற வேண்டும். ஈரக் கையோடு, தேயிலைச் சரிவில் நின்றுகொண்டு அதைச் செய்ய நேர்ந்தால் ஏதாவது ஒரு சிறு பாகம் தண்ணீருக்குள் போய்விடும். அபு கார்சியாவின் பிளாக் மேக்ஸ் இந்த வகையில் நெடுங்காலமாக அறியப்பட்ட, கிராபைட் உடலும் காந்தப் பிரேக்கும் கொண்ட தொடக்கநிலை ரீல். ஷிமானோ, டைவா நிறுவனங்களும் தொடக்கநிலை ரீல்களைச் செய்கின்றன. பெயர் தெரியாத ரீலைவிட இவற்றுள் கையிருப்பில் உள்ள ஒன்றை, கொழும்பில் இரண்டு கடைகளிலாவது விலை கேட்டபின் வாங்குங்கள்.

கியர் விகிதம் 6க்கு 1 முதல் 7க்கு 1 வரை இருக்கலாம். 6.4க்கு 1 என்றால் கைப்பிடியை ஒருமுறை சுற்றும்போது உருளை 6.4 முறை சுற்றும் என்று பொருள். மீன் பலமாக இழுக்கும்போது நூல் அறாமல் சிறிது சிறிதாக விட்டுக்கொடுக்கும் அமைப்பே டிராக். அது 10 கிலோ, 12 கிலோ என்று பெட்டியில் எழுதியிருப்பதற்காக அதிகப் பணம் கொடுக்காதீர்கள். நீங்கள் தொடக்கத்தில் போடப்போகும் 14 இறாத்தல் நூல் ஏறத்தாழ 6 கிலோ இழுப்பில் அறும், அதில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்கு, அதாவது ஒன்றரை முதல் 2 கிலோவுக்கே டிராக்கை வைக்க வேண்டும். எனவே 5 கிலோ வரை சீராக இழுக்கும் ரீல் தாராளமாகப் போதும்.

மவுசாகலையில் எறியும்போது ஒன்றை மனத்தில் வையுங்கள். பழைய மஸ்கெலியா நகரம் அந்த நீருக்குள்தான் இருக்கிறது. நீர் வற்றும் காலங்களில் அங்கிருந்த வழிபாட்டிடங்களின் எச்சங்கள் வெளியே தெரிவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். சுவரும் கல்லும் உள்ள அத்தகைய அடித்தரையில் முள் சிக்குவது உறுதி. சிக்கினால் கம்பை வளைத்து இழுக்காமல், கம்பை நூலுக்கு நேராக நீட்டி, உருளையை அழுத்திப் பிடித்துக்கொண்டு பின்னால் நடங்கள். போவது ஒரு முள்ளாக இருக்கட்டும், கம்பாக இருக்க வேண்டாம்.

கேள்வி: அண்மையில் பெய்ட்காஸ்டிங் ரீல் ஒன்றை வாங்கினேன். எறியும் ஒவ்வொரு முறையும் நூல் உருளைக்குள் பெரும் சிக்கலாகிவிடுகிறது. ரீல் பழுதா?
(வாசகர், பதுளை)

பதில்: பெரும்பாலும் பழுதாக இராது. இரை வேகம் குறைந்த பிறகும் உருளை பழைய வேகத்திலேயே சுழல்வதால் வெளியேற இடமில்லாத நூல் உள்ளேயே குவிகிறது. இதைத் தடுக்கும் மூன்று வழிகளையும் ஒன்றாகக் கைக்கொள்ள வேண்டும்.

முதலில், ரீலின் கைப்பிடிப் பக்கத்தில் உள்ள சிறிய இறுக்குத் திருகைச் சரிசெய்யுங்கள். கம்பைக் கிடையாகப் பிடித்து, இரையைத் தொங்கவிட்டு, உருளையை விடுவிக்கும் பொத்தானை அழுத்தினால் இரை மெதுவாக இறங்கித் தரையைத் தொட வேண்டும். தொட்டவுடன் உருளை நின்றுவிட வேண்டும். இரையின் எடையை மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும், பலர் தவறவிடுவது இதைத்தான். அடுத்து, காந்தப் பிரேக்கை மிக உயர்ந்த எண்ணில் வைத்துத் தொடங்கி, கை பழகப் பழக ஒவ்வொன்றாகக் குறையுங்கள். மூன்றாவது உங்கள் பெருவிரல். அது எறியும் நேரம் முழுவதும் உருளையை மெல்லத் தொட்டபடி இருந்து, இரை நீரைத் தொடும் கணத்தில் அழுத்தி நிறுத்த வேண்டும். எந்தப் பிரேக்கும் இந்த விரலுக்கு ஈடாகாது.

நீர்த்தேக்கத்துக்குப் போகாமல் வெறுந்தரையில், முள் இல்லாத 14 கிராம் ஈயக்குண்டைக் கட்டிப் பழகுங்கள். அதற்கு முன் நீங்கள் எறியக்கூடிய தூரத்தைவிடச் சில மீற்றர் அதிகமாக நூலை வெளியே இழுத்துவிட்டு, உருளையில் எஞ்சியுள்ள நூலின் மேல் மின்கம்பிக்குச் சுற்றும் பிளாஸ்டிக் பட்டியைக் குறுக்காக ஒட்டி, பிறகு நூலைத் திரும்பச் சுற்றிக்கொள்ளுங்கள். சிக்கல் அந்தப் பட்டிக்குக் கீழே போகாது. பின்னல் நூல் இறுக்கத்தில் உள்ளடுக்குகளுக்குள் புதைந்துகொள்ளும் என்பதால், பழகும் காலத்தில் 0.35 மில்லிமீற்றர் தங்கூசியையே பயன்படுத்துங்கள். விராலுக்கு 30 முதல் 40 இறாத்தல் பின்னல் நூல் பின்னர் தேவைப்படும். அப்போதும் அடியில் சில மீற்றர் தங்கூசியைச் சுற்றிவிட்டே அதைச் சுற்ற வேண்டும், இல்லையெனில் பின்னல் நூல் முழுவதும் உருளைமீது வழுக்கிச் சுழலும்.

சிக்கல் விழுந்துவிட்டால் உடனே கத்தியை எடுக்காதீர்கள். பெருவிரலால் உருளையைப் பலமாக அழுத்திக்கொண்டு கைப்பிடியை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, பிறகு நூலை வெளியே இழுங்கள். பல சிக்கல்கள் இதிலேயே அவிழ்ந்துவிடும். காற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்க்காற்று இரையின் வேகத்தைக் குறைக்குமே தவிர உருளையின் வேகத்தைக் குறைக்காது. ஆகையால் காற்றுப் பலமாக வீசும் நாட்களில், குறிப்பாகத் தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் மலையின் மேற்குப் பக்கத்துக்குப் போனால், காற்று முதுகில் படும்படி நிற்கத்தக்க கரையைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: 12 பெயாரிங் உள்ள ரீல், 5 பெயாரிங் உள்ள ரீலைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. அதை வாங்கலாமா? கைப்பிடி எந்தப் பக்கம் இருக்க வேண்டும்?
(வாசகர், தலவாக்கலை)

பதில்: எண்ணிக்கைக்காக வாங்க வேண்டாம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் இவ்வகை ரீல்களுக்கு முன்னோடியானவற்றைச் செய்த ஜோர்ஜ் ஸ்னைடர் கடிகாரம் செய்பவர். அன்று முதல் இன்று வரை இந்தக் கருவியின் தரம் பாகங்கள் எவ்வளவு நுட்பமாகப் பொருந்துகின்றன என்பதில்தான் இருக்கிறது. உருளையைத் தாங்கும் சில பெயாரிங்குகள் நல்லவையாக இருந்தால் அது பிற இடங்களில் செருகப்பட்ட மட்டமான பலவற்றைவிட மேல்.

கைப்பிடியைப் பொறுத்தவரை, ஸ்பின்னிங் ரீலில் செய்வதுபோல இதைக் கழற்றி மறுபக்கம் மாட்ட முடியாது. வாங்கும்போதே முடிவு செய்ய வேண்டும். நீங்கள் வலக்கையால் எறிந்து இடக்கையால் சுற்றிப் பழகியவராயின் இடப்பக்கக் கைப்பிடி உள்ளதையே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பழைய ரீல் ஒன்று விலைக்கு வருகிறது. எப்படிச் சோதிப்பது?
(வாசகர், பண்டாரவளை)

பதில்: பொத்தானை அழுத்தி உருளையை விரலால் சுழற்றிக் காதருகே வைத்துக் கேளுங்கள், கரகரப்பு இருந்தால் பெயாரிங் தேய்ந்திருக்கிறது. பெயாரிங்கை மட்டும் மாற்ற முடியுமாயின் விலையைக் குறைத்துக் கேட்கலாம். உருளையின் விளிம்பில் வெட்டு இருந்தாலும், நூலைப் பரப்பும் சிறு வழிகாட்டி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடையின்றிப் போய்வராவிட்டாலும் வாங்காதீர்கள். டிராக்கை ஓரளவு இறுக்கி நூலைக் கையால் இழுக்கும்போது அது விட்டு விட்டு அல்லாமல் ஒரே சீராக வர வேண்டும். கைப்பிடி பின்னோக்கிச் சுழலக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ரீல் திருகோணமலை, நீர்கொழும்பு போன்ற இடங்களில் கடலில் பயன்பட்டதா என்று கேளுங்கள். பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்து, திருகுகளைச் சுற்றி வெண்மையாகவோ பச்சையாகவோ உப்பரிப்புத் தெரிந்தால், எவ்வளவு குறைந்த விலை சொன்னாலும் விட்டுவிடுங்கள்.