வாடகைப் பாக்கி, கீழ்வீட்டில் ஒழுகல்: பூட்டை மாற்றலாமா?

கேள்வி: பினாங்கு குளுகோரில் வங்கிக் கடனில் ஒரு காண்டோ வாங்கி, மாதம் 1,500 ரிங்கிட்டுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். குடியிருப்பவர் நான்கு மாதமாக வாடகை தரவில்லை, போனையும் எடுப்பதில்லை. போதாக்குறைக்கு, எங்கள் குளியலறைத் தண்ணீர் ஒழுகித் தன் வீட்டுக் கூரை கெட்டுவிட்டதாகக் கீழ்வீட்டுக்காரர் நிர்வாகத்திடம் புகார் கொடுத்திருக்கிறார். "பூட்டை மாற்று, கரண்டைத் துண்டி, தானாகக் கிளம்புவான்" என்கிறார் அண்ணன். செய்யலாமா? இரண்டு மாத டெபாசிட் என்னிடம் இருக்கிறது. — ஓர் ஆசிரியை

பதில்: செய்யாதீர்கள். குடியிருப்பவர் ஒப்பந்தம் முடிந்த பிறகும் வீட்டை விடாமல் இருந்தால்கூட, நீதிமன்றம் வழியாக மட்டுமே அவரை வெளியேற்ற முடியும். 1950ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் (Specific Relief Act), பிரிவு 7(2) இதைத் தெளிவாகச் சொல்கிறது. பூட்டை மாற்றிய மறுநாளே, "என் லேப்டாப்பைக் காணோம், நகையைக் காணோம்" என்று அவர் போலீசுக்குப் போகலாம். இன்று பணம் வரவேண்டியவர் நீங்கள். அண்ணன் பேச்சைக் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்களே.

வாடகையைவிட ஒழுகல்தான் அவசரம். காரணம், அதில் சட்டம் நாள் கணக்கு வைத்திருக்கிறது. 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராத்தா (அடுக்குமாடி) நிர்வாகச் சட்டப்படி, கீழ்வீட்டில் தண்ணீர் ஒழுகினால் கோளாறு மேல்வீட்டில்தான் என்று முதலில் எடுத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் அதற்கு ஆதாரம் வேண்டும். புகார் வந்த 7 நாளுக்குள் நிர்வாகம் பார்வையிட வேண்டும். பார்த்து முடித்த 5 நாளுக்குள் காரணத்தையும் பொறுப்பாளியையும் எழுதிச் சான்றிதழ் தர வேண்டும். உங்கள் பெயர் வந்தால், 7 நாளுக்குள் நீங்கள் பழுதுபார்க்க இறங்க வேண்டும். தவறினால் நிர்வாகமே செய்துவிட்டுச் செலவை உங்களிடம் வசூலிக்கும். அவர்கள் கூப்பிடும் கான்ட்ராக்டர் சொல்லும் விலையை நீங்கள் பேரம் பேச முடியாது. "வாடகைக்காரன் கதவைத் திறக்கவில்லை" என்ற சாக்கும் உதவாது. ஆகவே, பார்வையிடும் தேதியையும் நேரத்தையும் எழுதி அவருக்குக் கடிதமும் வாட்ஸ்அப்பும் இன்றே அனுப்புங்கள், நகலை நிர்வாகத்திடம் கொடுங்கள். இன்னொன்று: எந்தக் குழாய் என்று கேளுங்கள். உங்கள் வீட்டுக்கு மட்டும் போகும் குழாய் என்றால் செலவு உங்களுடையது. பல வீடுகளுக்குப் பொதுவானது என்றால் நிர்வாகம்தான் பார்க்க வேண்டும். சான்றிதழில் எழுதியது தவறு என்று தோன்றினால் ஸ்ட்ராத்தா நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 250,000 ரிங்கிட் வரை அங்கே கோரலாம்.

இனி வாடகை. ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டினீர்களா? கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் ஆதாரமாக ஏற்காது. அபராதத்தோடு இப்போதும் கட்டலாம், முதலில் அதை முடியுங்கள். அப்புறம் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கோபத்தில் உடனே ஒப்பந்தத்தை ரத்து செய்து கடிதம் அனுப்பிவிடாதீர்கள். 1951ஆம் ஆண்டின் டிஸ்ட்ரெஸ் சட்டத்தில், 12 மாதம் வரையான பாக்கிக்கு வாடகைக்காரரின் பொருட்களைக் கைப்பற்றி விற்க வாரண்ட் கேட்கலாம். ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்போது கேட்க வேண்டிய வழி அது. வீட்டுக்குள் விலைபோகும் பொருள் இருக்கிறதா என்றும் யோசியுங்கள். ஒரு மெத்தையும் ஸ்டாண்ட் ஃபேனும்தான் இருக்கிறது என்றால் வாரண்டுக்குச் செலவழிப்பது வீண். அப்போது நோட்டீஸ், ரத்து, வெளியேற்ற வழக்கு என்று போங்கள். ரத்தான பிறகும் அவர் இருந்தால், 1956ஆம் ஆண்டின் சிவில் சட்டம் பிரிவு 28(4)இன்படி இரட்டை வாடகை கோரலாம்.

பாக்கி 6,000 ரிங்கிட். டெபாசிட் 3,000ஐக் கழித்தால் மீதி 3,000. 5,000 வரை வக்கீல் இல்லாமலே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கையாகப் போடலாம், ஆனால் வீடு அதில் திரும்ப வராது. டெபாசிட்டைக் கழிப்பதற்கு முன், உள்ளே சேதம் எவ்வளவு என்று பாருங்கள்; அதற்கும் அதே பணம்தான்.

என்னைக் கேட்டால், வழக்குக்கு முன் ஒருமுறை நேரில் பேசிப் பாருங்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை போய்த் தவிக்கும் ஆளாகவும் இருக்கலாம். இரண்டு வாரத்தில் சாவியைக் கொடுத்தால் பாக்கியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பதாகப் பேசுங்கள். காலி வீட்டுக்கு அடுத்த மாதமே வேறு ஆள் வரலாம். வழக்கு நடக்கும் வீட்டுக்கு வரமாட்டார்கள். ஒத்துக்கொண்டால் அதை எழுத்தில் வாங்குங்கள், இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

இதற்கிடையே பராமரிப்புக் கட்டணத்தை நிறுத்தாதீர்கள். அது உரிமையாளர் பொறுப்பு, வருடத்துக்கு 10 சதவீதம் வரை வட்டி ஏறலாம். பழுதுபார்த்த ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். வாடகை வருமானத்துக்கு வரி கணக்கிடும்போது பழுதுச் செலவு, கடன் வட்டி, நகராண்மைக்குக் கட்டும் மதிப்பீட்டு வரி எல்லாம் கழியும். பழைய ஓட்டுக்குப் பதில் உயர்ரக இத்தாலி டைல்ஸ் போட்டால் அது பழுது ஆகாது, கழியாது.

சாவி வாங்கும் நாளில் மின் மீட்டரையும் தண்ணீர் மீட்டரையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மின் கணக்கு உங்கள் பெயரில் இருந்தால் அதன் பாக்கியும் உங்களிடம்தான் வரும்.