சாக்கில் கிடக்கும் லெகோவுக்கு என்ன விலை சொல்லலாம்?

கேள்வி: எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறையை அடுத்த ஒரு கிராமம், சாமான் வாங்கப் பொள்ளாச்சிக்கும் போவோம், பாலக்காட்டுக்கும் போவோம். மஸ்கட்டில் வேலை பார்த்த என் தம்பி, 1999 முதல் 2009 வரை விடுமுறைக்கு வரும்போதெல்லாம் என் மகனுக்கு லெகோ (ஒன்றோடொன்று பொருத்திக் கட்டி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகள்) பெட்டிகள் வாங்கி வந்தான். மகன் இப்போது வெளியூரில் வேலையில் இருக்கிறான். 'விற்றுவிடுங்கள் அம்மா' என்று சொல்லிவிட்டான். பரணிலிருந்து இறக்கி எடை போட்டதில் 14 கிலோ இருந்தது. வழிகாட்டிப் புத்தகங்கள் முப்பதுக்கு மேல் இருக்கின்றன. அட்டைப்பெட்டி ஒன்றுகூட மிச்சமில்லை. ஆக்ரிக்கடைக்காரர் (பழைய சாமான் வாங்குபவர்) பிளாஸ்டிக் விலை சொன்னார். பொள்ளாச்சியிலிருந்து வந்த ஓர் இளைஞர் மொத்தமாக 12,000 ரூபாய் தருகிறேன் என்கிறார். தம்பி மகனோ, 'லெகோ தங்கத்தைவிட நல்ல முதலீடு, லட்சத்துக்குக் குறைத்துக் கொடுத்துவிடாதீர்கள் அத்தை' என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: மூவரும் மூன்று வெவ்வேறு பொருள்களுக்கு விலை சொல்லியிருக்கிறார்கள். ஆக்ரிக்கடைக்காரர் பிளாஸ்டிக்குக்குச் சொன்னார். இளைஞர் கலைந்து கிடக்கும் கட்டைகளுக்குச் சொன்னார். உங்கள் மருமகன் உங்களிடம் இல்லாத ஒரு பொருளுக்கு, அதாவது பிரிக்கப்படாத பெட்டிக்குச் சொல்லியிருக்கிறார். தங்கத்தோடு ஒப்பிடும் பேச்சு ரஷ்ய ஆய்வாளர்களின் ஒரு கணக்கிலிருந்து பரவியது. 1987 முதல் 2015 வரை வெளிவந்த 2,322 செட்டுகளை ஆராய்ந்த அவர்கள், ஆண்டுக்குச் சராசரியாக 11 சதவீதமாவது ஆதாயம் கிடைத்ததாகக் கண்டார்கள். ஆனால் அது கடையிலிருந்து வந்தபடியே ஒட்டுப் பிரியாமல் அலமாரியில் இருந்த செட்டுகளின் கணக்கு. உங்கள் மகன் விளையாடித் தீர்த்துவிட்டான். பொம்மைக்கு அதுதான் நியாயம் என்றாலும், அந்தக் கணக்கு உங்கள் சாக்குக்குப் பொருந்தாது.

இளைஞர் சொன்னதை வகுத்துப் பார்த்தால் கிலோவுக்கு 857 ரூபாய் வருகிறது. இரண்டுக்கு நான்கு குமிழ் கொண்ட வழக்கமான கட்டை ஒன்று சுமார் 2.3 கிராம் எடை இருக்கும். அவை மட்டுமே இருந்தால் கிலோவுக்கு 430 தேறும். கலந்த குவியலில் சிறு துண்டுகளே மிகுதி என்பதால் எண்ணிக்கை கூடும். நீங்களே ஒரு கால் கிலோவை நிறுத்து எண்ணி, நான்கால் பெருக்கிக் கொள்ளுங்கள். கிலோவுக்கு 800 என்று வந்தால் மொத்தம் பதினோராயிரத்துக்கு மேல் துண்டுகள் இருக்கும். அவர் துண்டுக்கு ஒரு ரூபாய்க்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கிறார் என்று பொருள். தரம் பிரித்துக் கழுவி, தேடி வருபவருக்கு ஒவ்வொன்றாக விற்கும் உழைப்பு அவருடையது என்பதால், சாதாரணக் கட்டைகளுக்கு இது ஏமாற்று விலை இல்லை. ஆனால் அந்த 12,000 ரூபாய்க்குள் மனித உருவங்களும் அடக்கமா என்று அவரிடம் கேட்டீர்களா? பணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

1978 முதல் வரும் அந்தக் குட்டி உருவங்கள் சில கிராம் எடைதான் இருக்கும். எடை போட்டு விற்றால் அவற்றின் மதிப்பு தராசில் மறைந்துவிடும். ஆகவே ஒரு பழைய வேட்டியை விரித்துச் சாக்கைக் கொட்டி, தலை, உடல், கால், தொப்பி, கையில் பிடிக்கும் ஆயுதம் என்று உருவங்களைச் சேர்ந்த எல்லாவற்றையும் முதலில் பொறுக்கி எடுத்துவிடுங்கள். உங்கள் தம்பி வாங்கிய காலம் கவனிக்கத்தக்கது. லெகோவில் ஸ்டார் வார்ஸ் திரைப்பட செட்டுகள் வரத் தொடங்கியது 1999-இல்தான். 2003-இல் வந்த 10123 என்ற எண்ணுள்ள கிளவுட் சிட்டி பெட்டியில் போபா ஃபெட் என்ற உருவம் ஒன்று உண்டு. மார்பில் மட்டுமல்லாமல் கையிலும் காலிலும் அச்சுள்ள அந்த ஒற்றை உருவத்துக்குச் சேகரிப்பாளர்கள் கொடுக்கும் விலை, உங்களுக்குச் சாக்கு முழுவதற்கும் சொல்லப்பட்ட விலையைத் தாண்டும். அது உங்களிடம் இருக்கிறது என்று நான் ஆசை காட்டவில்லை. இல்லை என்று உறுதியாகும் முன் சாக்கைத் தூக்கிக் கொடுத்துவிடக் கூடாது என்கிறேன்.

பொறுக்கியவற்றை மேசை விளக்கின் கீழ் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். கை பொருந்தும் குழியிலிருந்து இடுப்பு வரை மயிரிழை போல ஒரு விரிசல் இறங்கியிருக்கிறதா, கையை உயர்த்தினால் நிற்கிறதா அல்லது தொளதொளவென்று விழுகிறதா, மார்பு அச்சு தேய்ந்திருக்கிறதா, பல் பட்ட தடம் இருக்கிறதா என்பவற்றையே வாங்குபவரும் பார்ப்பார். விரிசல் இருந்தால் விலை வெகுவாகக் குறையும்.

அடுத்து, போலிகளைக் களையுங்கள். லெகோ கட்டையின் ஒவ்வொரு குமிழிலும் அந்தப் பெயர் பொறித்திருக்கும்; குமிழ் மொட்டையாக இருந்தால் ஒதுக்கிவிடலாம். திருவிழாக் கடையில் வாங்கிய ஒரு பெட்டி எந்த வீட்டிலும் கலந்திருக்கும். நேர்மையான குவியலில்கூட அது வாங்குபவரின் சந்தேகத்தைக் கிளப்பும்.

உங்களிடம் இருக்கும் பெரிய அனுகூலம் அந்த முப்பது புத்தகங்கள். காகிதம் என்ற முறையில் அவற்றின் மதிப்பு சிறியது. லெகோவின் இணையதளத்திலேயே பல வழிகாட்டிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் அட்டையில் உள்ள செட் எண்தான் சாக்குக்குள் என்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் பட்டியல். அந்த எண்ணை, லெகோ வாங்கி விற்கும் பிரிக்லிங்க் தளத்தில் இட்டால் அந்த செட்டின் துண்டுப் பட்டியலும், கடந்த ஆறு மாதங்களில் அது உண்மையில் விற்றுப்போன விலையும் தெரியும். அங்கே 'பயன்படுத்தியது' என்ற பத்தியை மட்டும் பாருங்கள். விற்பதற்காக ஒருவர் எழுதி வைத்திருக்கும் விலையைப் பார்த்து மனக்கோட்டை கட்டாதீர்கள். எழுதுவதற்குக் காசு செலவாவதில்லை. முப்பதையும் கட்டிச் சரிபார்க்க வேண்டியதில்லை. விலை அதிகம் காட்டும் நான்கைந்தை மட்டும் தேர்ந்து மகன் வரும் விடுமுறையில் கட்டிப் பாருங்கள். இதில் ஒரு கண்ணி உண்டு. 2004-ஐ ஒட்டி லெகோ தன் சாம்பல் நிறத்தையே மாற்றியது. பழைய சாம்பல் சற்று மஞ்சள் சாய்ந்தது, புதியது நீலம் சாய்ந்தது. உங்கள் பெட்டிகள் இரு காலத்தையும் சேர்ந்தவை என்பதால், பழைய செட்டின் குறையைப் புதிய சாம்பலால் நிரப்பிவிட்டு 'முழுமையானது' என்று சொன்னால் தெரிந்தவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

பிரிக்லிங்கில் டாலரில் தெரியும் விலையை அப்படியே ரூபாயாக மாற்றிவிடவும் கூடாது. பொம்மை இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்ந்தது. புதிய லெகோ இங்கே எட்டாத விலையில் இருப்பதால் பழைய கட்டைகளைத் தேடும் பெற்றோர் இருக்கிறார்கள். ஆனால் பழைய செட்டுக்குச் சேகரிப்பாளர் விலை தருபவர்கள் நம் பக்கம் குறைவு, வெளிநாட்டுக்கு அனுப்பினால் பார்சல் கட்டணமே லாபத்தைத் தின்றுவிடும். நானாக இருந்தால் முழுமையான செட்டுக்கு பிரிக்லிங்க் விலையில் பாதிக்கு மேல் கிடைத்தாலே கொடுத்துவிடுவேன். இன்னும் ஏறட்டும் என்று வைத்திருப்பதிலும் இடர் உண்டு. 2008-இல் வந்த தாஜ்மகால் செட் சந்தையில் கிடைக்காமல் கிராக்கி ஏறிக்கொண்டே போயிற்று. 2017-இல் அதே தாஜ்மகாலை லெகோ மீண்டும் வெளியிட்டதும் பழையதற்கு அத்தனை விலை கொடுக்க ஆள் இல்லை.

உருவங்களும் அந்த நான்கைந்து செட்டுகளும் போக, மிச்சமுள்ள கட்டைகளுக்கு அந்த இளைஞர் கிலோவுக்கு 700 ரூபாய் தந்தாலும் தயங்காமல் கொடுங்கள். எடை மட்டும் உங்கள் கண் முன்னே, உங்களுக்குப் பழக்கமான மளிகைக்கடைத் தராசில் நடக்கட்டும்.

கேள்வி: வெள்ளைக் கட்டைகள் மஞ்சளாகிவிட்டன. வெளுக்க வைத்து விற்றால் கூடுதல் விலை கிடைக்குமா?
– ஒரு வாசகர், களியக்காவிளை

பதில்: லெகோ கட்டைகள் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை; புற ஊதா ஒளி பட்டால் அது மஞ்சளாகும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெயிலில் வைத்தால் வெளுக்கும் என்பது உண்மைதான். ஆனால் சில காலத்தில் மஞ்சள் திரும்பலாம், அச்சும் ஒட்டுப்படமும் உள்ள துண்டுகள் கெட்டுப்போகலாம். சாதாரண வெள்ளைக் கட்டைக்குக் கிடைக்கும் கூடுதல் காசு மருந்துச் செலவுக்கே சரியாகிவிடும். அழுக்கு நீங்க வேண்டுமானால் 40 டிகிரிக்கு மேல் போகாத வெதுவெதுப்பான நீரில் சோப்புக் கரைத்துக் கையால் அலசி, நிழலில் துணி மேல் பரப்பி உலர்த்துங்கள். மஞ்சளானவற்றைத் தனிப் பையில் கட்டி, அதன் மேல் 'மஞ்சளானவை' என்றே எழுதி வையுங்கள். மலையோ பாறையோ கட்ட நினைப்பவர்கள் அதையும் வாங்கிக்கொள்வார்கள்.