மேக்ரோவின் வடிவப் பொருத்தம் மாறியின் மதிப்பைப் பார்க்காதது ஏன்?

வடிவ விதிகளை எழுத உதவும் 'சின்டாக்ஸ்-ரூல்ஸ்' கொண்டு எழுதிய மேக்ரோவில் (எழுதிய நிரலை வேறு நிரலாக விரிக்கும் கருவி) 0 என்ற எண்ணுக்குத் தனி விதி வைத்தும், மதிப்பு 0 ஆக உள்ள மாறியைக் கொடுக்கும்போது அது பொருந்தவில்லை, இது லிஸ்ப் குடும்பத்து நிரல்மொழியான ராக்கெட்டின் வழுவா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வழு அன்று. நீங்களும் என்னைப் போல, மதிப்பை வடிவங்களோடு ஒப்பிடும் 'மேட்ச்' பழகிய கையோடு மேக்ரோவுக்கு வந்திருப்பீர்கள் என ஊகிக்கிறேன். 'மேட்ச்', நிரல் ஓடும்போது வந்து சேரும் மதிப்பைப் பார்க்கிறது. மேக்ரோவோ நிரல் ஓடத் தொடங்கும் முன்னரே விரிந்து முடிந்துவிடுவதால், நீங்கள் எழுதியிருக்கும் எழுத்தை மட்டுமே பார்க்கிறது. 1963இல் டிமோத்தி ஹார்ட் லிஸ்புக்கு மேக்ரோவை முன்மொழிந்த நாளிலிருந்து இதுதான் அதன் இயல்பு.

கொழும்பு புறக்கோட்டையில் மொத்தத் துணி வியாபாரம் செய்யும் உறவினர் ஒருவருக்குப் பற்றுச்சீட்டு அச்சிடும் நிரலை ராக்கெட்டில் எழுதிக் கொடுத்தேன். (அதற்கு ஏன் லிஸ்ப் என்று கேட்பவர்களுக்கு: எனக்குப் பிடித்திருந்தது, கூலியும் வாங்கவில்லை.) அதில் 'கழிவு' (தள்ளுபடி) என்பது ஒரு மேக்ரோ: (கழிவு 0 தொகை) என்று எழுதினால் தொகை மட்டும் வரும், (கழிவு வீதம் தொகை) என்றால் கழிவுக்கெனத் தனி வரி அச்சாகும். வீதத்தை நானே எண்ணாக எழுதி வைத்திருந்த வரை ஒரு குறையும் இல்லை. சித்திரைப் புத்தாண்டு வியாபாரத்துக்காக, வீதத்தைக் காசாளரே தட்டச்சு செய்யும்படி மாற்றிய அன்றுதான், கழிவு இல்லாத சீட்டுகளிலும் 'கழிவு 0.00' என்று வரத் தொடங்கியது. "தம்பி, கழிவு எண்டு போட்டுட்டுப் பூச்சியம் தந்திருக்கிறியள், பகிடியோ?" என்று ஒரு வாடிக்கையாளர் சீட்டை நீட்டினார்.

அன்றிரவு வெள்ளவத்தை அறையில், உள்ளீடு எண்ணாக வருகிறதா எழுத்துச் சரமாக வருகிறதா என்று இரண்டு மணிவரை வீணாகத் தேடினேன். கடைசியில் ராக்கெட்டில் நிரலெழுதும் செயலியான டாக்டர்ராக்கெட்டில், மேக்ரோ விரிவதைப் படிப்படியாகக் காட்டும் மேக்ரோ ஸ்டெப்பரைத் திறந்தபோதுதான், மேக்ரோவின் கண்ணில் பட்டது 0 அன்று, 'வீதம்' என்ற பெயர் என்பது தெரிந்தது. பெயர் எண்ணோடு பொருந்தாதல்லவா? ஆகவே பொது விதி விரிந்திருக்கிறது. அறிமுகப் பாடங்கள் பெயர் மோதலைத் தவிர்க்கும் நுட்பத்துக்குப் பக்கம் பக்கமாக ஒதுக்கிவிட்டு, இந்த அடிப்படையை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் உண்டு.

'கழிவு' சாதாரணச் செயற்கூறாகி, உள்ளே 'மேட்ச்' வைத்ததும் சிக்கல் தீர்ந்தது. உங்களுக்கும் அதையே சொல்வேன். மேக்ரோவே வேண்டுமென்றால், அது விரியும் நிரலுக்குள் 0 தானா என்று சோதிக்கும் நிபந்தனையை வையுங்கள். அதுவும் சரியே.

அந்த நிரலில் இன்று மிஞ்சியிருக்கும் ஒரே மேக்ரோ, (துணி வொயில் 450 மீட்டர்) என்று புதிய துணியின் பெயர், விலை, அளவு அலகு ஆகியவற்றை அறிவிப்பது. அங்கே எனக்குத் தேவை 'வொயில்' என்ற பெயரே, மதிப்பு அன்று. அதிலும் ஒருமுறை தவறினேன்: 'மீட்டர்', 'யார்' (கெஜம்) ஆகிய இரண்டையும் 'சின்டாக்ஸ்-ரூல்ஸ்' என்பதை அடுத்து வரும் அடைப்புக்குள் எழுதியபடியே பொருந்த வேண்டிய நிலைச்சொற்களாகக் குறிக்க மறந்ததால், 'மீட்டர்' எதையும் ஏற்கும் வடிவ மாறியாகி, கெஜக் கணக்கில் விற்கும் துணியும் மீட்டருக்கான முதல் விதியிலேயே பொருந்தி, ஒரு கெஜத்துக்கு, அதாவது 0.9144 மீட்டருக்குரிய விலை முழு மீட்டருக்குப் பதிவாகிவிட்டது.