வேக்போர்டைக் குறுக்கே திருப்பினால் மட்டும் முகம் குப்புற விழுவது ஏன்?

வேக்போர்டில், அதாவது இரு கால்களையும் மாட்டிக்கொண்டு, கயிற்றைப் பிடித்தபடி படகுக்குப் பின்னால் சறுக்கும் பலகையில், எழுந்து நிற்க வருகிறது, நேராகப் போகவும் வருகிறது, பலகையைக் குறுக்கே திருப்பிப் பக்கவாட்டில் சறுக்க முயன்றால் மட்டும் முகம் குப்புற விழுகிறேன், பயிற்சியாளர் பயம்தான் காரணம் என்கிறார், சொந்தப் பலகை வாங்கினால் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பயம்தான் காரணம் என்று உங்களிடமும் சொல்லியிருக்கிறார்கள் என்பதைப் படித்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் எங்கோ ஓரிடத்தில், வார இறுதிகளில், வாடகைப் பலகையில் பழகுபவர் என்று எடுத்துக்கொள்கிறேன். சென்னையில் நம்மைப் போன்றவர்களுக்கு வேறு வழி அதிகம் இல்லை. நான் பயிற்சியாளர் அல்லள். ஐம்பதை நெருங்கும், வங்கியில் வேலை செய்யும் பெண். கோவளத்து அலைகளிலேயே வளர்ந்த பிள்ளைகள் இதைப் படித்துவிட்டு, இதற்கெல்லாமா இவ்வளவு விளக்கம் என்று சிரிக்கலாம். அவர்களுக்கு உடம்பிலேயே ஊறிப்போன விஷயம் இது; எனக்கு யாராவது காரணத்தைச் சொன்னால்தான் கால் கேட்கும். உங்களுக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன், இல்லாவிட்டால் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

பலகை நேராகப் போகும்போது அதன் ஒடுங்கிய முனைதான் நீரை எதிர்கொள்கிறது. மார்பு படகைப் பார்க்கும்படி நீங்கள் திரும்பிவிட்டால், கால்விரல் பக்கத்து நீள விளிம்பு முழுவதும் முன்னால் வந்துவிடுகிறது. அந்த விளிம்பு ஒரு விரற்கடை தாழ்ந்தாலும், தோசைத்திருப்பி தோசைக்கு அடியில் நுழைவதைப்போல நீருக்கு அடியில் நுழைந்துவிடும். பலகை அங்கேயே நின்றுவிட, கயிறு மட்டும் உங்களை இழுத்துக்கொண்டே இருக்க, உடம்பு முன்னால் தூக்கி எறியப்படுகிறது. முகம் குப்புற விழுகிறவர்களுக்குப் பெரும்பாலும் நடப்பது இதுதான். ஆகவே, திரும்பும் நொடியில் எடை குதிகால்களுக்குப் போய், முன் விளிம்பு சற்றே தூக்கி நிற்க வேண்டும். இப்போது யோசித்துப் பாருங்கள்: பயந்தவர் எப்படி நிற்பார்? பின்வாங்கி, குதிகாலில்தான் நிற்பார். பயம் முற்றினால் மல்லாக்க விழுவாரே தவிர, குப்புற விழமாட்டார். குப்புற விழுவது, "தைரியமாத் திருப்புங்க" என்ற சொல்லை நம்பி முன்னால் சாய்கிறவர்தான். உங்கள் பயிற்சியாளரின் நோய்க்கணிப்பு தலைகீழானது என்பது என் துணிபு.

என்னிடமும் ஓர் இளைஞர் விடாமல் இதையே சொல்லிக்கொண்டிருந்தார். "அக்கா, பயப்படாதீங்க, டக்குனு திருப்புங்க." நல்ல பையன்தான், அவர்மேல் எனக்குக் கோபமில்லை; ஆனால் கயிற்றின் இந்த முனையில் இருப்பவள் பெண்ணாகவும், அதிலும் நரைத்த பெண்ணாகவும் இருந்தால், என்ன கோளாறு நடந்தாலும் அதற்குப் பயம் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். அதே பலகையில் அதே இடத்தில் விழுந்த கல்லூரி மாணவரிடம், முழங்காலை இன்னும் மடக்கச் சொன்னார்கள். என் முழங்காலைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

என் விஷயத்தில் விளிம்பு தாழ்வதற்கு முன்பே இன்னொரு தடங்கல் இருந்தது: பலகை குறுக்கே திரும்பவே மறுத்தது. இடுப்பைத் திருப்பினால் பாதி வந்து, மீண்டும் நேராகவே ஓடிப்போகும். என் முறைக்காகக் கரையில் காத்திருந்தபோது பலகையைக் கவிழ்த்துப் பார்த்தேன். இரண்டு முனைகளிலும், அடிப்பக்கத்தின் நடுவில், கட்டைவிரல் உயரத்துக்கு ஒவ்வொரு ஃபின், அதாவது மீன் துடுப்பைப்போல நீட்டிக்கொண்டிருக்கும் தகடு. ஓரங்களில் பலகையோடு சேர்த்தே வார்த்த சிறிய மேடுகள் வேறு. பெரிய ஃபின் புதியவர்களுக்கு நல்லது என்றுதான் வாடகைப் பலகைகளில் அப்படியே விட்டுவைக்கிறார்கள். பலகை தடம் மாறாமல் நேராக ஓடுவதற்காகவே அது அங்கே இருக்கிறது. ஆனால் குறுக்கே திருப்பியதும் அதே தகடு நீரோட்டத்துக்கு எதிராகச் சுவராக நின்றுவிடுகிறது. இப்போதைய பலகைகள் முன்னும் பின்னும் ஒரே வடிவம் கொண்டவை; 1993-இல் ஜிம்மி ரெட்மன் கொண்டுவந்த இரட்டை முனை வடிவத்தின் வழிவந்தவை. எந்த முனையை முன்னால் விட்டும் ஓட்டலாம் என்பது அதன் வசதி. இரு முனையிலும் ஃபின் இருப்பதால், குறுக்கே போகும்போது தடையும் இரண்டாகிவிடுகிறது.

கழற்றித் தரும்படி கேட்டபோது, முதலாளி திட்டுவார் என்றார்கள். கடைசியில் படகு ஓட்டும் அண்ணன்தான், ஒரு வார்த்தையும் பேசாமல், இருக்கைக்கு அடியிலிருந்த டப்பாவைத் திறந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நீட்டினார். பலகையின் மேல்பக்கத்திலிருந்து திருகை எடுக்க வேண்டும்; உப்பு படிந்து இறுகிப்போயிருந்த ஒரு திருகுக்கு மட்டும் அவரே வந்து முழங்காலால் பலகையை அழுத்திப் பிடித்துக்கொண்டு திருக வேண்டியிருந்தது. நடு ஃபின்கள் போனதும், அதே நான், அதே பயத்தோடு, பலகையைக் குறுக்கே கொண்டுவந்து நிறுத்தினேன். காலுக்கு அடியில் அதுவரை கேட்ட சீறல் நின்று, பலகை தடதடவென்று அதிர்ந்தது. நீர் முழங்கால்வரை தெறித்தது. கயிற்றின் இழுவை திடீரென்று கனத்தது. குறுக்கே நிற்கும் பலகைக்கு நீரின் தடை அதிகம் என்பதால் அந்தக் கனம் வரத்தான் செய்யும். தெரியாமல் போனால், அந்த நொடியில்தான் கைகள் நீண்டு, தோள் முன்னால் போய், விளிம்பு தாழ்ந்துவிடுகிறது. கைப்பிடியை இடுப்போடு ஒட்டிப் பிடித்திருந்தால் இழுவை இடுப்பில் இறங்கும், தோளை இழுக்காது.

ஃபின் இல்லாமல் புதியவரை நீரில் இறக்குவது பொறுப்பற்ற செயல் என்று இங்கே சிலர் பின்னூட்டம் இடுவார்கள் என்பது தெரியும். நேராகப் போகவே தடுமாறுகிறவருக்கு நானும் அதைச் சொல்லமாட்டேன். குதிகால் விளிம்பையும் கால்விரல் விளிம்பையும் மாற்றி மாற்றி அழுத்தி, படகின் அலையைத் தாண்டிப் போய்த் திரும்பி வர முடிகிறதா? முடிந்தால் கழற்றலாம். முழுவதும் வேண்டாம் என்றால் குட்டையான ஃபினை மாட்டலாம்; வார்த்த மேடுகளே உங்களுக்குப் போதுமான பிடிமானம் தரும்.

இனிப் பழகும் முறை. நீரில் மிதந்தபடி, முழங்கால்களை மார்போடு சேர்த்து, படகு இழுக்கக் காத்திருக்கும்போது பலகை எப்படி இருக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? கயிற்றுக்குக் குறுக்கேதான் இருக்கிறது. எழும் நொடியில் நீங்கள் ஏற்கெனவே பக்கவாட்டில்தான் சறுக்குகிறீர்கள். உடனே ஒரு காலை முன்னால் விட்டுத் திருப்பிவிடுவதால் அது மனத்தில் பதிவதில்லை. எனவே, எழுந்ததும் திருப்பாதீர்கள். இரு காலிலும் சமமான எடையோடு, குதிகாலில் சற்றுச் சாய்ந்து, மூச்சை ஒருமுறை இழுத்துவிடும் நேரமாவது குறுக்கேயே நின்றுவிட்டு, அதன் பிறகு திருப்புங்கள். படகு இன்னும் முழு வேகம் எடுத்திராது, விழுந்தாலும் வலிக்காது. ஒவ்வொரு முறை எழும்போதும் இந்த இடைவெளியை நீட்டிக்கொண்டே போனால், பக்கவாட்டுச் சறுக்கலின் பாதி வேலை முடிந்துவிடும்.

மீதிப் பாதி, ஓட்டத்தின் நடுவே திருப்புவது. படகுக்கு நேர் பின்னால் இருங்கள். அலையின் சரிவில் முயல வேண்டாம். பின்காலில் எடை இருக்கும்வரை பின்முனை நீரில் ஆழ்ந்து கிடக்கும், திரும்பாது. எடையை நடுவுக்குக் கொண்டுவந்து, பலகை தட்டையாவதை உணர்ந்த பிறகு, கைப்பிடியை இடுப்புக்கு இழுத்து, பின்காலை முன்னால் தள்ளுங்கள். பார்வை படகின் மேல் இருக்கட்டும். பலகையைக் குனிந்து பார்த்தால் தலையோடு எடையும் முன்னால் வந்துவிடும். மணிக்கு 25 கிலோமீட்டரை ஒட்டிய வேகம் போதும் என்று படகோட்டியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அதைவிட மெதுவாகப் போனால் பலகை நீரில் அமிழ்ந்து கனக்கும்; மிக வேகமாகப் போனால் விழும்போது நீர் கல்லாகிவிடும்.

நேரத்தையும் கேட்டு வாங்குங்கள். முற்பகல் ஏற ஏறக் கடற்காற்று கிளம்பிவிடும், முட்டுக்காடு போன்ற உப்பங்கழியிலும் நீர் நெளியத் தொடங்கும். அந்தச் சிற்றலை ஒவ்வொன்றும் உங்கள் முன் விளிம்பைப் பிடித்து இழுக்கும். பத்து மணி வகுப்பை ஆறரைக்கு மாற்றிக்கொள்ள முடிந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். உப்பங்கழியில் மணல் திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருப்பவை என்பதால், ஆழம் எங்கே இருக்கிறது என்பதையும் அன்றன்று படகோட்டியிடம் கேட்டுவிட்டே இறங்குங்கள்.

முதுகு படகைப் பார்க்கும்படித் திரும்பும் சறுக்கலை இப்போதைக்குத் தொடாதீர்கள். அதில் குதிகால் விளிம்பு முன்னால் வருவதால் கணக்கு முழுவதும் மாறிவிடும். எடை விரல்களுக்குப் போக வேண்டும், தவறினால் பின்மண்டை நீரில் அறையும். ஹெல்மெட் இல்லாமல் நான் அதை முயல்வதே இல்லை.

சொந்தப் பலகை தேவையா என்ற கேள்விக்கு: இப்போது தேவையில்லை. கடையில் புதியவருக்கு என்று சொல்லித் தரும் பலகையும் பெரும்பாலும் அதே உயரமான ஃபின்களோடுதான் வரும். அடுத்த வாரம் போகும்போது, உங்களுக்கு என்று ஒதுக்கும் பலகையை முதலில் கவிழ்த்துப் பாருங்கள்; பையில் ஒரு நல்ல ஸ்க்ரூ டிரைவர் இருக்கட்டும், அவர்களிடம் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.