கேளுங்க சொல்றோம்: ‘தஞ்சாவூர் ஜில்லா’ன்னா எந்த ஊரு?

கேள்வி: எங்க காலேஜ் பாட்டனி டிபார்ட்மென்ட்ல 1950, 60கள்ல சேகரிச்ச செடி ஷீட்டெல்லாம் (காயவெச்சு பேப்பர்ல ஒட்டினது) பீரோ பீரோவா கெடக்கு. அதை எல்லாரும் பாக்கற மாதிரி ஆன்லைன்ல ஏத்தணும்னு ஹெச்ஓடி சொல்லிட்டார், வேலை என் தலைல. பாதி லேபிள்ல ‘தஞ்சாவூர் ஜில்லா’ன்னு மட்டும்தான் இருக்கு. இதுக்கு லொகேஷன் எப்படி போடறது சார்?
– எம்.எஸ்சி. மாணவி, மன்னார்குடி

பதில்: தேதிய மொதல்ல பாருங்கம்மா. அந்தக் காலத்து தஞ்சாவூர் ஜில்லா வேற. 1974ல அறந்தாங்கி பக்கம் புதுக்கோட்டைக்குப் போச்சு, 91ல நாகப்பட்டினம் பிரிஞ்சுது, 97ல திருவாரூர், 2020ல மயிலாடுதுறை. அப்போ 1962 ஷீட்டுன்னா அந்தச் செடி கல்லணை பக்கத்துலயும் பறிச்சிருக்கலாம், கோடியக்கரை காட்டுலயும் பறிச்சிருக்கலாம். நிறைய பேரு என்ன பண்றாங்கன்னா ஜில்லாவுக்கு நடுவுல ஒரு புள்ளிய வெச்சு அட்சரேகை, தீர்க்கரேகைக்கு தசமத்துக்கு அப்புறம் ஆறு இலக்கம் போட்டு ஏத்திடறாங்க, பாக்கறவனுக்கு ஜிபிஎஸ்ல எடுத்த மாதிரியே இருக்கும், ஆனா முத்துப்பேட்டை அலையாத்தி நெல்லு வயல்ல நிக்கும்.

புள்ளி வெக்கறது தப்பில்ல, அதோட பிழை எவ்வளவுன்னு சொல்லாம விடறதுதான் தப்பு. டார்வின் கோர்னு ஒரு பொது ஃபார்மேட் இருக்கு, உலகத்துல நிறைய மியூசியமும் ஹெர்பேரியமும் (செடி ஷீட் காப்பகம்) அதுலதான் டேட்டா குடுக்குது. அதுல இந்தப் பிழைய மீட்டர்ல எழுதறதுக்குன்னே ஒரு நெடுவரிசை (column) உண்டு, நிறைய பேரு நிரப்பறதில்ல. கல்லணைலேர்ந்து நாகப்பட்டினம் கடற்கரை வரைக்கும் நேர்கோட்டுலயே நூறு கிலோமீட்டருக்கு மேல, அதனால நடுப்புள்ளிலேர்ந்து பழைய ஜில்லாவோட கடைசி மூலை வரைக்கும் எவ்வளவு தூரமோ அதப் போடுங்க, 60,000க்குக் குறையாது, கூச்சப்படாதீங்க. வேணாங்கறவங்க ஃபில்டர் பண்ணிக்குவாங்க. லேபிள்ல இருக்கற வரிய மட்டும் எழுத்து மாறாம தனி நெடுவரிசைல வெச்சிடுங்க.

அதுக்கு முன்னாடி இன்னொண்ணு, சேகரிச்சவரோட வரிசை எண்ணப் பாருங்க. 1412ல வெறும் ‘தஞ்சாவூர்’னு இருந்து, 1411லயும் 1413லயும் அதே தேதில ‘வேதாரண்யம்’னு இருந்தா விஷயம் முடிஞ்சுது. அதே எண்ணுல டூப்ளிகேட் ஷீட் திருச்சி ராபினட் ஹெர்பேரியத்துலயோ கோயம்புத்தூர்லயோ இருக்கான்னும் கேட்டுப் பாருங்க, அங்க லேபிள் இன்னும் விவரமா இருக்கலாம்.

கேள்வி: வெயில்ல அலைஞ்சு எடுத்த டேட்டாவ ஏன் ஓசில குடுக்கணும்? எவனாவது எடுத்து பேப்பர் போட்டுட்டா?
– ஆராய்ச்சி மாணவர், சிதம்பரம்

பதில்: கோவம் நியாயம்தான் தம்பி. பேப்பர் வர்ற வரைக்கும் கைல வெச்சுக்கோங்க, யாரும் கேக்கமாட்டாங்க. அப்புறம் ஜிபிஐஎஃப்ல (உயிரினப் பதிவுகள எல்லாருக்கும் திறந்து வெக்கற உலக தளம்) போட்டா டேட்டாவுக்கே டிஓஐ (பேப்பருக்குத் தர்ற மாதிரி நிரந்தர அடையாள எண்) கிடைக்கும், எடுத்து வேலை பண்றவங்க அதை சைட் பண்ணணும். லைசென்ஸும் மூணு வகை இருக்கு, வியாபாரத்துக்குக் கூடாதுன்னு ஒண்ண எடுத்துக்கலாம். பூட்டி வெச்சு என்ன ஆச்சுன்னு நம்ம ஊருக்கே தெரியும், 1768ல, டேனிஷ்காரங்க கைல இருந்த தரங்கம்பாடில வந்து இறங்கின கோனிக் (லின்னேயஸோட மாணவர்) இங்க சேகரிச்ச செடியப் பாக்க நம்மாளுங்க ரொம்ப காலம் கப்பலோ பிளேனோ ஏற வேண்டியிருந்துது. வேடிக்கை என்னன்னா 2001ல ஆரம்பிச்ச இந்த ஜிபிஐஎஃப்போட ஆபீஸும் டென்மார்க்லதான், கோபன்ஹேகன்ல.

ஆனா நட்சத்திர ஆமை, மண்ணுளிப் பாம்பு மாதிரி கடத்தறதுக்கு ஆளு இருக்கற ஜீவன்னா சரியான இடத்தப் போட்டுடாதீங்க. தசமத்துக்கு அப்புறம் ஒரே இலக்கம் விடுங்க, பதினோரு கிலோமீட்டர் கட்டமா மங்கிடும். மங்க வெச்சிருக்கேன்னும் எழுதிடுங்க. வேணும்னே தப்பான இடம் மட்டும் போடவே கூடாது.

கேள்வி: வெங்காயத்தாமரை எங்கெல்லாம் பரவும்னு மேக்ஸென்ட்ல (ஒரு ஜீவன் எங்க வாழும்னு கணிக்கற சாஃப்ட்வேர்) மாடல் போட்டேன், ஏயூசி (மாடலுக்கு ஒண்ணுக்கு எவ்வளவுன்னு தர்ற மார்க்) 0.96. கைடுக்கு ஒரே சந்தோஷம். ஆனா மேப்ல மெயின்ரோடு ஓரமும் கடற்கரையும்தான் செக்கச்செவேல்னு இருக்கு. சரியா வந்திருக்கா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: இல்ல. அந்த 0.96ல மயங்காதீங்க, டெஸ்ட்டுக்கு எடுத்த புள்ளியெல்லாம் மாடல் கத்துக்கிட்ட ட்ரெயினிங் புள்ளிக்குப் பக்கத்துலயே இருந்தா மார்க் தானா ஏறும். இடத்த பிளாக் பிளாக்கா பிரிச்சு ஒரு பிளாக்க ஒதுக்கி வெச்சு டெஸ்ட் பண்ணிப் பாருங்க, எவ்வளவு இறங்குதுன்னு தெரியும். ரோடு ஏன் சிவப்புன்னா பைக்க நிறுத்திட்டு போட்டோ எடுத்தவங்க போட்ட புள்ளிங்க அது, செடி இருக்கற இடத்த விட மனுஷன் போன இடத்தத்தான் சாஃப்ட்வேர் கத்துக்கிட்டிருக்கு. மேக்ஸென்ட்டுக்கு செடி இல்லாத இடம்னு எதுவும் நாம குடுக்கறதில்ல, அதுவா பேக்ரவுண்ட் புள்ளிய எடுத்து ஒப்பிட்டுப் பாக்குது, அந்த பேக்ரவுண்டையும் இதே மாதிரி ஆளுங்க போய் மத்த செடிய பதிவு பண்ணின இடத்துலேர்ந்தே எடுங்க, பாதி சரியாகும்.

மீதி பாதிதான் நம்ம டெல்டா சமாச்சாரம். வேர்ல்ட்கிளிம்ங்கற உலக தட்பவெப்ப டேட்டாலேர்ந்து மழை, வெப்பம்னு 19 லேயர் எடுத்துப் போட்டிருப்பீங்க, எல்லாரும் அதான் பண்றாங்க. கும்பகோணத்துக்கும் உங்க ஊருக்கும் அதுல பெருசா என்ன வித்தியாசம் வந்துடப் போகுது? ஜூன்ல இங்க மழை கம்மி, லேயர் காய்ஞ்சு கெடக்குன்னு சொல்லும், ஆனா 12ஆம் தேதி மேட்டூர் திறந்தா கொஞ்ச நாள்ல வாய்க்கால் பூரா தண்ணி ஓடும், அந்தத் தண்ணி பெய்ஞ்சது குடகுலயும் கபினிப் பக்கமும். இது எந்த மழை லேயர்லயும் இருக்காது. அதேபோல கடைமடைல உப்பு ஏறின தண்ணில வெங்காயத்தாமரை நிக்காது, மாடலுக்கு உப்பப் பத்தி யாரும் சொல்லலையே, அதான் கடற்கரை சிவப்பாச்சு. வாய்க்கால்லேர்ந்து தூரம், தரை உயரம், உப்புத்தன்மை இந்த மூணையும் சேருங்க, 19ல பாதிய தூக்கிடுங்க. ஏயூசி குறையும், கைடு முகம் சுளிப்பார், பரவால்ல.

கேள்வி: இதுக்கெல்லாம் ஆர் (R) புரோகிராமிங் கத்துக்கணுமா?
– டீச்சர், சீர்காழி

பதில்: ஆரம்பத்துக்கு வேணாம் டீச்சர். மேக்ஸென்ட், க்யூஜிஐஎஸ் (மேப் போடற சாஃப்ட்வேர்) ரெண்டும் இலவசம், மவுஸ்லயே ஓட்டலாம். எக்ஸெல்ல மட்டும் நம்பாதீங்க, 3/4ங்கறத மார்ச்சா ஏப்ரலான்னு அதுவா முடிவு பண்ணிடும். 2019-04-03னு வருஷத்த முன்னாடி வெச்சு, அந்த நெடுவரிசைய டெக்ஸ்ட்டுன்னு மாத்திட்டு அடிக்க ஆரம்பிங்க.