நேர்த்தி விரதமும் காலை இன்சுலினும்

கேள்வி: கிளிநொச்சிப் பக்க ஆஸ்பத்திரி ஒன்றில் தாதியாக இருக்கிறேன். நீரிழிவுக் காற்புண்ணோடு வந்திருக்கும் 68 வயது அம்மா, வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி என்று காலைச் சாப்பாட்டைத் தொடுவதில்லை. மகன் 2009இல் காணாமற்போனவர். "என்ன பாவம் செய்தனோ" என்று இரவில் அழுகிறார். என்னிடம் திருநீறு பூசிவிடச் சொல்கிறார், நான் வேதக்காரி (கிறிஸ்தவள்). என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் ஊசியைப் பற்றி. இன்சுலின் போட்டபின் சாப்பிடாவிட்டால் இரத்தச் சீனி 70 mg/dLக்குக் கீழே இறங்கலாம். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வரும். எனவே ஊசிக்கு முன்பே டொக்டருக்குச் சொல்லுங்கள். அளவை நீங்களாகக் குறைக்காதீர்கள். அம்மாவை வெருட்டவும் வேண்டாம். வெருட்டினால் சாப்பிட்டதாகச் சொல்லிவிட்டுச் சோற்றை ஒளிப்பார், நீங்கள் அதை நம்பி ஊசி போடுவீர்கள். "நேர்த்தியை வேற மாதிரிச் செய்யேலாதோ அம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். மச்சம் (மீன், இறைச்சி) விடுவது, சுகமானபின் பொங்கல் வைப்பது என்று அவரே ஒரு வழி சொல்லக்கூடும்.

அழும்போது "அப்பிடிச் சொல்லாதேங்கோ, கடவுள் இருக்கிறார்" என்றால் பேச்சு அதோடு நின்றுவிடும். நோயாளியின் ஆன்மீகத் தேவையை அறிய அமெரிக்க மருத்துவர் கிறிஸ்டினா புகல்ஸ்கி 1996இல் உருவாக்கிய ஃபைக்கா (FICA) முறை நம்பிக்கை, அதன் முக்கியம், துணைநிற்கும் சமூகம், கவனிப்பில் செய்யவேண்டியது என நான்கையும் கேட்கிறது. நிறைந்த வாட்டில் இரண்டு கேள்வி போதும் என்பது எங்கள் எண்ணம். புண் கட்டும்போதே கேட்கலாம்: "உங்களுக்குத் தெம்பு தாறது என்னம்மா?", "அதுக்கு நாங்கள் இங்க என்ன செய்து தரலாம்?" பிறகு பேசாமல் இருங்கள். கஷ்டம் அதுதான். மகனின் பேச்சு வந்தால் பெயரைக் கேளுங்கள், "எப்பிடி இருந்தவர்?" என்று முடிந்துபோனவரைப் போலக் கேட்காதீர்கள். சாகவேணும் என்று அம்மா சொன்னால் அந்த ஷிப்டிலேயே டொக்டருக்கு அறிவித்து, மனநலப் பிரிவைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

திருநீறு பூச மனம் ஒப்பினால் பூசலாம். ஒப்பாவிட்டால் பொட்டலத்தை அவர் கையிலேயே கொடுங்கள், இல்லையேல் சொந்தக்காரரைப் பூசச் சொல்லுங்கள். உங்கள் செபத்தை மட்டும் அவர் கேட்காமல் தொடங்காதீர்கள். திருநீறு நெற்றியில் மட்டும், புண்கட்டிலும் கனுலாவிலும் (நரம்பில் ஏற்றிய குழாய்) தூள் படக்கூடாது. ஒட்சிசன் ஓடும் வாட்டில் கற்பூரம் அறவே கூடாது. கையில் அம்மன் நூல் இருந்து கை வீங்கினால், கேட்காமல் கத்தரிக்காதீர்கள். சம்மதம் கேட்டு அவிழ்த்து மற்றக் கையில் தளர்வாகக் கட்டுங்கள்.

இவையெல்லாம் பெட் ஹெட் டிக்கெட்டில் (நோயாளியின் வாட்டுக் குறிப்பேடு) ஏறவேண்டும்: "நேர்த்தி விரதம், காலை உணவு இல்லை, டொக்டருக்கு அறிவிக்கப்பட்டது." எழுதாவிட்டால் இரவு ஷிப்டில் வருபவர் வழமைபோல ஊசியை ஏற்றிவிடுவார்.